நடக்காமற்போன நாட்களின் வரலாறு

விமான நிலையப் பாதுகாப்பு வரிசையில் நின்று, பாதி குடித்த தண்ணீர் பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போட்டவர்கள் நம்மில் பலர். ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயைக் கைப்பையில் வைத்துவிட்டுப் பறிகொடுத்தவர்களும் உண்டு. நூறு மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்னும் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் நாம் யோசிப்பதில்லை. லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் இருந்த ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்தது அது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்திருக்க வேண்டிய, ஆனால் நடக்காமற்போன ஒரு பேரழிவின் நினைவுச்சின்னம் என்று அந்தக் குப்பைத்தொட்டியைச் சொல்லலாம்.

வரலாறு நடந்தவற்றை எழுதுகிறது. வெடித்த குண்டுக்கு நாளும் நேரமும் உண்டு. இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன. வெடிக்காத குண்டுக்கு இவை எதுவுமில்லை. ஒரு நீதிமன்றக் கோப்பு, சில ஒலிப்பதிவுகள், இரண்டு நாள் செய்தித் தலைப்புகள், அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் ஐரோப்பாவில் கடந்த முப்பது ஆண்டுகளில் தடுக்கப்பட்ட ஜிஹாதிச் சதிகளைத் தொடர்ச்சியாக வாசித்துப் பார்க்கும்போது, நமக்கு ஒன்று தெளிவாகிறது. தடுக்கப்பட்ட சதி முடிந்துபோன கதை அன்று. அடுத்த கதையின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் அதே கோப்பின் ஓரத்தில், யாரும் அடிக்கோடிடாத ஒரு பெயராக எழுதப்பட்டிருக்கிறது.

தொடக்கத்தை 1994ஆம் ஆண்டில் வைக்கலாம். அல்ஜீரியாவில் 1992இல் தேர்தல் ரத்துசெய்யப்பட்டதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று, ஆயுதம் தாங்கிய இஸ்லாமியக் குழு எனப்பட்ட ஜி.ஐ.ஏ. இயக்கத்தினர் நால்வர் அல்ஜியர்ஸ் நிலையத்தில் ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்றைக் கைப்பற்றினர். பயணிகள் மூவரைக் கொன்றனர். பின்னர் மார்செய்யில் இறங்கிய விமானத்துக்கு 27 டன் எரிபொருள் கேட்டனர். பாரிசுக்குச் செல்ல அதில் பாதிகூடத் தேவையில்லை. பறக்கும் விமானத்தையே பாரிஸ் நகரின்மீது ஆயுதமாக்குவது அவர்கள் நோக்கம் என்று பிரெஞ்சு அதிகாரிகள் முடிவுசெய்தனர். டிசம்பர் 26 அன்று சிறப்புக் காவற்படையினர் உள்ளே புகுந்து நால்வரையும் சுட்டுக்கொன்றனர். அமெரிக்க இரட்டைக் கோபுரங்கள் வீழ்வதற்கு ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆனால் இந்தச் சதியிலிருந்து கற்க வேண்டிய பாடத்தை உலகம் அப்போது கற்றுக்கொள்ளவில்லை.

பிரான்சிலிருந்து துரத்தப்பட்டவர்கள் லண்டனில் ஒதுங்கினர். 1995இல் பாரிஸ் சுரங்க ரயிலில் குண்டுவைத்தவர்களுக்குப் பணம் அனுப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ரஷீத் ரம்தாவைப் பிரான்சிடம் ஒப்படைக்க பிரிட்டனுக்குப் பத்தாண்டுகள் ஆயின. 'லண்டனிஸ்தான்' என்று பிரெஞ்சு அதிகாரிகள் கசப்புடன் பெயர்வைத்தது அந்தக் காலத்தில்தான். வடக்கு லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலை 1997 முதல் அபு ஹம்சா என்பவர் தன் பிடியில் வைத்திருந்தார். அதை நிறுவிய சமூகத்தினரே அவரை வெளியேற்ற முயன்று தோற்றனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பத்திரங்கள் மாற்றப்பட்டதும், பணம் திரட்டப்பட்டதும், ஆப்கானிஸ்தானின் பயிற்சி முகாம்களுக்கு வழி சொல்லப்பட்டதும் அங்கேதான். காலணியில் வெடிமருந்து வைத்து விமானம் ஏறிய ரிச்சர்டு ரீடும் அங்கு வந்துபோனவர். 2003 ஜனவரியில் காவல்துறை அதைச் சோதனையிட்டு மூடியது. 2005இல் புதிய நிர்வாகத்தின் கையில் அது மீண்டும் வழிபாட்டுத்தலமாகத் திறந்தது.

இந்த வலைப்பின்னலில் யார் யார் இருந்தனர்? நார்வே நாட்டு ஆய்வாளர் பெட்டர் நெஸ்ஸர் பல ஆண்டுகளாக இக்குழுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2015இல் ஒரு நூலாக வெளியிட்டார். குழுவினரை அவர் நான்கு வகையாகப் பிரிக்கிறார். முதலாமவர் குழுவைக் கட்டுபவர். கொள்கைப்பிடிப்பும் வெளிநாட்டுத் தொடர்புகளும் உடையவர். இரண்டாமவர் அவரைக் குருவாகக் கொண்ட, படித்த, திறமையுள்ள இளைஞர். மூன்றாமவர் சிறுகுற்றங்களிலும் போதையிலும் வாழ்வைத் தொலைத்து மீட்சி தேடி வந்தவர். நான்காமவர் நண்பன் போனான், நானும் போனேன் என்று சேர்ந்தவர். முதல் மனிதர் இல்லையெனில் மற்ற மூவரும் பெரும்பாலும் பேசிக் கலைந்துவிடுவர். வறுமையா, மதமா, அவமானமா என்று ஒற்றைக் காரணம் தேடுகிறவர்களுக்கு இந்தப் பகுப்பு ஏமாற்றம் தரும். நால்வரையும் நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒரே அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் பிராங்பர்ட்டில் அப்படியோர் அறை இருந்தது. அல்ஜீரியர்கள் சிலர், ஆப்கான் முகாம்களில் பயிற்சி பெற்றவர்கள், எல்லைக்கு அப்பால் பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையைக் குறிவைத்தனர். லண்டனுக்குச் சென்ற தொலைபேசி அழைப்புகள் ஒட்டுக்கேட்கப்பட்டு, நால்வர் கைதாயினர். கிடைத்தவற்றுள் ஒரு வீடியோ நாடா இருந்தது. சந்தையில் கைகோர்த்து நடக்கும் மக்களை நிதானமாகப் படமெடுத்துக்கொண்டே, அவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று சபிக்கும் குரல் அதில் பதிவாகியிருந்தது. ஆளில்லாத யூத ஆலயம் ஒன்றே எங்கள் இலக்கு என்று நீதிமன்றத்தில் ஒருவர் வாதிட்டார். நீதிபதிகள் ஏற்கவில்லை. 2003 மார்ச்சில் 10 முதல் 12 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்டிராஸ்பூர்க் மக்கள் எதுவும் நடவாததுபோல் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சந்தைக்குப் போனார்கள். 2018 டிசம்பர் 11 அன்று அதே சந்தைப் பகுதியில் வேறொரு தலைமுறையைச் சேர்ந்த தனிமனிதன் ஒருவன் துப்பாக்கியும் கத்தியுமாக வந்தான். ஐவர் இறந்தனர். அவனுக்கு ஆப்கான் முகாம் தேவைப்படவில்லை.

கோப்பின் ஓரத்தில் நின்ற பெயர் என்று மேலே சொன்னோம். அதற்கு மிகக் கசப்பான சான்று 2004ஆம் ஆண்டின் உர மூட்டைச் சதி. மேற்கு லண்டனில் ஹான்வெல் என்னுமிடத்தில், வாடகைக்கு எடுத்த பொருட்கிடங்கில் 600 கிலோ அமோனியம் நைட்ரேட் உரம் வைக்கப்பட்டிருந்தது. தோட்டத்துக்கு என்று சொன்னால் நம்பும் அளவன்று அது. மாதங்களும் விதைப்புக் காலமல்ல. கிடங்கின் ஊழியர் ஒருவருக்கு ஐயம் எழுந்து காவல்துறைக்குத் தெரிவித்தார். அதிகாரிகள் உரத்தை எடுத்துவிட்டு, தீங்கற்ற பொருளை அதே மூட்டைகளில் நிரப்பினர். பெண் காவலர் ஒருவர் கிடங்கின் வரவேற்பாளராக வேடமேற்று அமர்ந்தார். சதியாளர்களின் வீட்டிலும் காரிலும் ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டன. பெரிய அங்காடி வளாகம் ஒன்றைத் தாக்கலாமா, இரவு நடனக்கூடம் ஒன்றைத் தாக்கலாமா என்று அவர்கள் பேசியது பதிவாயிற்று. நடனக்கூடத்தில் இறப்பவர்களை யாரும் அப்பாவிகள் என்று சொல்ல முடியாது என்பது அவர்களின் தர்க்கம். மார்ச் 30 அன்று கைதுகள் நடந்தன. 2007 ஏப்ரல் 30 அன்று ஐவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

உளவுத்துறையின் வெற்றிக்கதை என்று இதைப் பாடப்புத்தகத்தில் சேர்த்திருப்பார்கள், ஒரு செய்தி மட்டும் இல்லாதிருந்தால். குழுவின் தலைவர் ஒமர் கய்யாமை 2004 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சந்தித்த வேறு இரண்டு இளைஞர்களை உளவுத்துறை பின்தொடர்ந்திருந்தது, படமும் எடுத்திருந்தது. வெடிகுண்டைப் பற்றி அவர்கள் பேசவில்லை, பண மோசடி பற்றித்தான் பேசினார்கள். ஆட்பற்றாக்குறை வேறு. எனவே முதன்மைப் பட்டியலில் சேர்க்கப்படாமல் விடப்பட்டனர். அவர்களில் ஒருவர் முகம்மது சித்தீக் கான். மற்றவர் ஷெஸாத் தன்வீர். 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் 52 பேரைக் கொன்ற நால்வரில் இருவர். அன்று எடுத்த படம் மோசமாக வெட்டப்பட்டு முகமே தெரியாத நிலையில் இருந்தது என்பது 2011இல் முடிந்த மரண விசாரணையின்போது வெளியாயிற்று. உர மூட்டைச் சதியின் தீர்ப்பு வரும்வரை இந்தத் தொடர்பை வெளியிட நீதிமன்றத் தடை இருந்தது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்தக் குடும்பங்கள் உண்மை தெரியாமல் இருந்தன.

உளவாளிகளைக் குறைசொல்வது எளிது. ஆயிரம் பெயர்களில் எந்தப் பெயர் கொலைகாரனுடையது என்பது கொலைக்குப் பிறகே வெளிச்சமாகிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சதி 'முறியடிக்கப்பட்டது' என்று அறிவிக்கும் கணத்தில், அதைச் சூழ்ந்திருந்த நட்பும் உறவும் முறிந்துவிடுவதில்லை.

சிறைச்சாலைகூட அந்த நட்பை முறிப்பதில்லை, சிலபோது வளர்க்கிறது. பாரிசில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதாக ஜமேல் பெகால் 2001 ஜூலையில் துபாயில் பிடிபட்டார். ஃபின்ஸ்பரி பார்க்கில் பழகியவர். நெஸ்ஸரின் பட்டியலில் முதல் வகை. 2005இல் பத்தாண்டுத் தண்டனை பெற்று, பாரிசுக்கு அருகிலுள்ள ஃபிளூரி மெரோஜி சிறையில் தனிமைப்பிரிவில் வைக்கப்பட்டார். தனிமை என்பது காகிதத்தில் மட்டும். கீழ்த்தளத்து அறையில் இருந்த அமேதி கூலிபாலி என்னும் கொள்ளைக்காரர் அவரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். ஷெரீஃப் குவாஷி என்பவரும் அதே சிறையில் பெகாலின் சீடரானார். 2015 ஜனவரியில் 'ஷார்லி எப்தோ' இதழின் அலுவலகத்திலும், யூதர்களின் மளிகைக் கடையிலும், தெருவிலும் 17 பேர் கொல்லப்பட்டபோது, கொன்ற மூவரில் இருவர் அந்தச் சிறையில் உருவானவர்கள். 2001இல் தடுக்கப்பட்ட சதிக்கும் இதற்கும் இடையே பதின்மூன்றரை ஆண்டுகள்.

இனி, எதிர்ப்பக்கம். தடுக்கப்பட்ட சதியை அதன் அளவுக்கு மீறிப் பெரிதாக்கிக் காட்டுவதும் உயிர்களைக் குடிக்கும். 2003 ஜனவரியில் லண்டனின் வுட் கிரீன் பகுதியில் ஒரு வீட்டைச் சோதனையிட்ட காவலர்கள், ஆமணக்கு விதைகளையும் நஞ்சு தயாரிக்கும் குறிப்புகளையும் கண்டெடுத்தனர். ரிசின் என்னும் கொடிய நஞ்சு கிடைத்துவிட்டது என்று அரசு அறிவித்தது, நாளேடுகள் அலறின. முதற்கட்டச் சோதனை தவறானது, ரிசின் இல்லை என்பதை போர்ட்டன் டவுன் ஆய்வகம் சில நாட்களிலேயே கண்டறிந்துவிட்டது. அந்தத் திருத்தம் பொதுமக்களிடம் வந்து சேரவில்லை. பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக் மீதான போருக்கு வாதாடியபோது, திரையில் காட்டிய வலைப்பின்னல் படத்தில் பிரிட்டனின் நஞ்சுக் குழுவும் இடம்பெற்றிருந்தது. மார்ச்சில் போர் தொடங்கியது. 2005 ஏப்ரலில் வழக்கு முடிந்தபோது கமேல் பூர்காஸ் என்ற ஒருவர் மட்டுமே, நஞ்சும் வெடிபொருளும் கொண்டு பொதுத்தொல்லை விளைவிக்கச் சதிசெய்ததாகத் தண்டிக்கப்பட்டார். பெரிய வலைப்பின்னல் எதுவும் நிரூபணமாகவில்லை, மற்றவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

பூர்காஸ் அப்பாவி என்று நாம் சொல்ல வரவில்லை. மான்செஸ்டரில் தன்னைப் பிடிக்க வந்த ஸ்டீபன் ஓக் என்னும் காவலரைக் கத்தியால் குத்திக் கொன்றவர் அவர். அந்தச் சாவு உண்மை. அந்த நஞ்சு பொய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால்தான் நாம் வரலாற்றை நேர்மையாக எழுதுகிறோம் என்று பொருள். ஈராக் போர் ஒரு தலைமுறை இளைஞர்களில் சிலரைத் தீவிரவாதத்தின் பக்கம் தள்ளியது என்று, உள்நாட்டு உளவுத்துறையின் முன்னாள் தலைவர் எலைசா மேனிங்காம் புல்லரே 2010இல் விசாரணைக் குழுவின்முன் சாட்சி சொன்னார். இல்லாத நஞ்சைக் காட்டி நியாயப்படுத்தப்பட்ட போர், இருக்கக்கூடிய குண்டுகளுக்கு ஆள்சேர்த்துக் கொடுத்தது.

அச்சம் தவறான வீட்டுக் கதவையும் உடைக்கும். 2005 ஜூலை 21 அன்று லண்டனில் இரண்டாவது குழு ஒன்று வைத்த குண்டுகள் சரியாக வெடிக்கவில்லை. மறுநாள், அதில் தொடர்பேயில்லாத பிரேசில் நாட்டு மின்பணியாளர் ஒருவரைச் சுரங்க ரயிலுக்குள் காவலர்கள் சுட்டுக்கொன்றனர். 2006 ஜூனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் 250 காவலர்கள் ஒரு வீட்டைச் சூழ்ந்து, ஓர் இளைஞரைத் தோளில் சுட்டு, எதுவும் கிடைக்காமல் திரும்பினர். இந்தக் கணக்கும் தடுக்கப்பட்ட சதிகளின் பேரேட்டில் செலவுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியதே.

ஃபாரஸ்ட் கேட் நடந்து இரண்டு மாதங்களில், ஐயத்துக்கு இடமற்ற சதி ஒன்று பிடிபட்டது. அதுதான் தண்ணீர் பாட்டில் சதி. அகதி முகாம்களில் தொண்டு செய்யப் பாகிஸ்தான் சென்றிருந்த அப்துல்லா அகமது அலி என்பவர் அங்கிருந்து திரும்பியபோது, அவருடைய பெட்டியை அதிகாரிகள் இரகசியமாகத் திறந்து பார்த்தனர். டாங் பானப் பொடியும் ஏராளமான மின்கலங்களும் இருந்தன. வால்தம்ஸ்டோ வீட்டில் ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் பொருத்தப்பட்டன. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை அடைத்து, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் ஏற்றுவது திட்டம். பாகிஸ்தானில் இருந்து வழிநடத்திய ரஷீத் ரவூப் அங்கே திடீரென்று கைதானதால், பிரிட்டிஷ் காவல்துறை ஆகஸ்டு 9 இரவே அவசரமாகக் களமிறங்க நேர்ந்தது. குண்டு முழுதாகச் செய்யப்படவில்லை. விமானச் சீட்டும் வாங்கப்படவில்லை. ஆகவே 2008இல் முதல் விசாரணையின் நடுவர்கள் கொலைச்சதியை மட்டும் ஏற்று, விமானங்கள்தாம் இலக்கு என்பதில் ஒருமனப்படவில்லை. 2009இல் மறுவிசாரணையில் சதியாளர்களின் மின்னஞ்சல்கள் சான்றாக வைக்கப்பட்ட பிறகே மூவர் மீது அது உறுதியானது. காத்திருந்தால் சான்று வலுக்கும், உயிர்கள் போகலாம். முந்தினால் உயிர்கள் பிழைக்கும், சான்று மெலியும். இந்த இருதலைக்கொள்ளி ஒவ்வொரு வழக்கிலும் உண்டு.

2007இல் ஜெர்மனியர்கள் இதற்கு ஒரு விடை கண்டனர். சாவர்லாந்து குழு எனப்பட்டோர், அவர்களில் இருவர் இஸ்லாமுக்கு மாறிய ஜெர்மானியர், அமெரிக்கப் படையினரைத் தாக்குவதற்காக டிரம் டிரம்மாக ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தனர். காவல்துறை அவர்கள் அறியாமல் அதை நீர்த்த கரைசலாக மாற்றிவைத்துவிட்டு, செப்டம்பர் 4 அன்று பிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. 2010இல் நீதிமன்றம் 5 முதல் 12 ஆண்டுகள்வரை தண்டனை விதித்தது.

சிரியாவின் காலம் வந்ததும் பழைய பாடம் மீண்டும் எழுதப்பட்டது. 2015 ஜனவரி 15 அன்று பெல்ஜியத்தின் வெர்வியே நகரில் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்த காவற்படை, சிரியாவிலிருந்து திரும்பிய இருவரைச் சுட்டுக்கொன்று பெரும் தாக்குதல் ஒன்றைத் தடுத்தது. ஏதென்சிலிருந்து அவர்களைத் தொலைபேசியில் இயக்கிய அப்தல்ஹமீத் அபாவுத் நழுவிவிட்டார். தப்பித்ததைத் தம் இயக்க இதழில் பெருமையடித்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று பாரிசில் 130 பேர் கொல்லப்பட்டனர். களத்தில் நின்று அதை இயக்கியவர் அவர்.

ஆனால் அந்த வாரத்திலேயே இன்னொரு தாக்குதல் நடக்காமற்போயிற்று. அபாவுத்தும் கூட்டாளி ஒருவரும் ஓபர்வில்லியே பகுதியில் நெடுஞ்சாலையோரப் புதரில் பதுங்கியிருந்தனர். உதவி கேட்டு அபாவுத் அழைத்த உறவுப்பெண்ணுடன், அவளுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் தந்திருந்த ஒரு பெண்மணியும் சென்றார். எதிரில் நிற்பது யார் என்பது புரிந்தது. லா தெஃபான்ஸ் வணிகப் பகுதியை அடுத்துத் தாக்கப்போவதாக அபாவுத் சொன்னதையும் கேட்டார். மறுநாள் காவல்துறையின் அவசர எண்ணை அழைத்தார். நவம்பர் 18 அன்று சாந்தெனியில் அபாவுத் கொல்லப்பட்டார். அந்தப் பெண்மணியும் ஒரு முஸ்லிம். அன்றுமுதல் தன் பெயரையும் ஊரையும் வேலையையும் இழந்து, மறைந்த வாழ்வு வாழ நேர்ந்தது. அவர் காப்பாற்றியவர்கள் யார் என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

கருவிகள் மாறிவிட்டன. 2024 ஆகஸ்டில் வியன்னாவில் மாபெரும் இசை நிகழ்ச்சிகள் மூன்று ரத்தானபோது, முதன்மைச் சந்தேக நபராகக் கைதானவருக்கு வயது 19. எச்சரிக்கை அமெரிக்க உளவுத்துறையிடமிருந்து வந்தது. பள்ளிவாசலின் மூலையும் ஆப்கான் முகாமும் இருந்த இடத்தில் இப்போது கைபேசித் திரை இருக்கிறது. விமான நிலையங்கள் சிலவற்றில் புதிய ஊடுகதிர்க் கருவிகள் வந்து, திரவ விதியும் தளர்ந்துவருகிறது. ஒருநாள் அந்தக் குப்பைத்தொட்டியும் அகற்றப்படும். அது ஏன் வைக்கப்பட்டது என்பதும் மறந்துபோகும்.

உர மூட்டைகளைப் பார்த்து ஐயுற்ற கிடங்கு ஊழியரையும், புதரோரம் நின்று கேட்டதை மறைக்காமல் சொன்ன பெண்மணியையும் இணைத்து நினைத்துப் பார்க்கிறோம். இருவரும் தம் கண்முன் இருந்ததை மட்டும் சொன்னார்கள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வுட் கிரீனில் அரசு செய்யத் தவறியது அதைத்தான். நடக்காமற்போன நாட்களுக்குக் கல்வெட்டு கிடையாது. அந்த நாட்களில் நாம் வழக்கம்போல வேலைக்குப் போனோம், சந்தைக்குப் போனோம், வீடு திரும்பினோம்.